மதுரையைவிட மலப்புரம் பெரிய நகரமா? 2011 கணக்கெடுப்பின் நகரப் பட்டியல்: ஒரு மதிப்புரை

இந்தியாவில் எது நகரம், எது கிராமம், எந்தெந்த ஊர்கள் சேர்ந்து ஒரு பெருநகரமாகின்றன என்ற கேள்விகளுக்கு நாடு முழுமைக்கும் ஊர்வாரியாக விடை தரும் ஆவணம் ஒன்றுதான் இருக்கிறது. அது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வெளியான நகர அட்டவணைகளும் அவற்றோடு சேர்ந்த மாவட்டக் கையேடுகளும் ஆகும். கணக்கெடுப்பு இணையதளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஊர்வாரி வரைபடங்கள் தயாரிக்கும் வேலையில் இருப்பதால், என் கணினியில் அன்றாடம் திறந்திருக்கும் கோப்புகள் இவை. இவற்றை முதன்முறையாகத் திறக்கும் மாணவர்களும் பத்திரிகையாளர்களும் சிறுதொழில் நடத்துவோரும் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்வதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிற்றூர், சிறுநகர அளவில் இதைவிட நல்ல தரவு இந்தியாவில் கிடையாது. பெருநகரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இதை அப்படியே எடுத்து ஆளக் கூடாது. இந்தப் பட்டியலில் 'நகரம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வெவ்வேறு வகைப் பொருள்கள் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் காரணம். அவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் ஊர்ப்பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நிற்கும் சுருக்கக் குறிகள் மட்டுமே. எண்ணைப் பார்ப்பதற்கு முன் குறியைப் பார்க்கப் பழகியவருக்கு இது பொன்னான ஆவணம்.

குறிகளைப் பார்ப்போம். 'எம்.கார்ப்.' என்றால் மாநகராட்சி, 'எம்' என்றால் நகராட்சி, 'டி.பி.' என்றால் பேரூராட்சி, 'சி.பி.' என்றால் ராணுவக் கண்டோன்மென்ட் வாரியம். இவை எல்லாம் ஏதோ ஒரு சட்டத்தால் நகரம் என்று அறிவிக்கப்பட்டவை. எத்தனை பேர் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்ற சோதனை எதுவும் இவற்றுக்கு இல்லை. மாநில அரசு நகரம் என்று சொல்லிவிட்டால் கணக்கெடுப்பும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. 2011-இல் நாடு முழுவதும் இத்தகைய சட்டப்பூர்வ நகரங்கள் 4,041 இருந்தன.

அடுத்தது 'சி.டி.' என்ற குறி, அதாவது கணக்கெடுப்பு நகரம். இந்தப் பட்டியலின் உயிர்நாடி இதுதான், குழப்பத்தின் ஊற்றும் இதுதான். நிர்வாகத்தில் இன்னும் ஊராட்சியாகவே இருக்கும் ஓர் ஊர் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றினால், கணக்கெடுப்பு தன் சொந்தப் பொறுப்பில் அதை நகரமாக எண்ணிக்கொள்கிறது. மக்கள்தொகை குறைந்தது 5,000 இருக்க வேண்டும்; ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் வேளாண்மை அல்லாத வேலையில் இருக்க வேண்டும்; சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வாழ வேண்டும். 400 என்ற எண்ணைப் பார்த்தால் ஏன் இந்த எண் என்று தோன்றும். பழைய கணக்கில் அது சதுர மைலுக்கு ஆயிரம். மெட்ரிக் அளவுக்கு மாறியபோது 400 ஆயிற்று. இத்தகைய ஊர்கள் 2001-இல் நாட்டில் 1,362 மட்டுமே இருந்தன. 2011-இல் வெளியான முதற்கட்டக் கணக்கில் அவை 3,894 ஆகிவிட்டன. மேற்கு வங்கத்தில் மட்டும் 780. பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கான இந்த ஊர்களில் எவற்றுக்கும் நகராட்சி கிடையாது, நகரமைப்பு அலுவலர் கிடையாது, பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடையும் கிடையாது. பட்டியலில் நகரம், நடைமுறையில் கிராமம்.

இந்த இரண்டு வகைகளையும் பிரிக்காமல் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. 2011-இல் தமிழ்நாட்டின் நகர மக்கள் 48.4 சதவீதம், கேரளத்தில் 47.7 சதவீதம். இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று பாடப்புத்தகம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் குறிகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் 1,097 நகரங்களில் 721 சட்டப்பூர்வமானவை, 376 கணக்கெடுப்பு நகரங்கள். கேரளத்தின் 520 நகரங்களில் சட்டப்பூர்வமானவை வெறும் 59; மீதி 461-உம் கணக்கெடுப்பு நகரங்கள். தமிழ்நாட்டில் அரசாணை நகரங்களை உருவாக்கியது. கேரளத்தில் கணக்கெடுப்பின் சூத்திரம் உருவாக்கியது. ஒரே சதவீதத்துக்கு இரண்டு மாநிலங்களும் எதிரெதிர் வழிகளில் வந்து சேர்ந்திருக்கின்றன. 2001-இல் கேரளத்தின் நகர மக்கள் சுமார் 26 சதவீதமாகத்தான் இருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இடைப்பட்ட பத்தாண்டில் பாதிக் கேரளம் குடிபெயர்ந்து நகரங்களுக்குச் சென்றுவிடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தவர்களின் ஊர், பட்டியலில் ஒரு பத்தியிலிருந்து (செங்குத்து வரிசையிலிருந்து) இன்னொரு பத்திக்கு மாறியது.

அது ஏன் கேரளத்தில் இவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கு விடை, சூத்திரத்தில் இருப்பதைவிட அதிகமாக வருவாய் கிராமத்தின் எல்லையில் இருக்கிறது. கணக்கெடுப்பு எண்ணும் செங்கல் வருவாய் கிராமம்தான். அதற்குக் கீழே போய் எந்தத் தெரு நகரம், எந்தத் தெரு கிராமம் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 15,979 கிராமங்களில் சுமார் 3.72 கோடிக் கிராம மக்கள் வாழ்கிறார்கள். சராசரியாக ஒரு கிராமத்துக்கு 2,300 பேர். கேரளத்தில் 1,018 கிராமங்களில் சுமார் 1.75 கோடிப் பேர், சராசரி 17,000. அப்படியானால் 5,000 பேர் என்ற முதல் நிபந்தனையைக் கேரளத்தின் சராசரிக் கிராமம் எழுந்து நிற்காமலே தாண்டிவிடுகிறது. மாநிலத்தின் சராசரி அடர்த்தியே சதுர கிலோமீட்டருக்கு 860 என்பதால் அடர்த்தி நிபந்தனையும் பெரும்பாலும் கேள்விக்கே வருவதில்லை. எஞ்சி நிற்பது ஆண்களின் தொழில் என்ற ஒற்றைச் சோதனைதான். வளைகுடா வருமானம், கடை, கட்டட வேலை, போக்குவரத்து என்று ஆண்கள் வயலை விட்டு வெளியேறியதும் வருவாய் கிராமங்கள் வரிசையாக நகரங்களாயின. தமிழ்நாட்டிலோ அதே அளவு மக்கள் ஏழெட்டுக் கிராமங்களாகப் பிரிந்து கிடப்பதால், அவற்றில் எதுவும் தனியாக 5,000-ஐத் தொடாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். ஊர் ஒன்றுதான், கோடு போட்டவர்கள் வேறு.

ஆண் முதன்மைத் தொழிலாளர் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்தான் முதன்மைத் தொழிலாளர். ஆகவே ஆண்கள் எல்லாரும் விசைத்தறிக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டு, பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் ஊர் இந்தக் கணக்கில் நகரமாகிவிடும். அங்கே வேளாண்மை நடப்பதை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. இந்த நிபந்தனையை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதற்குத் தொடர்ச்சி வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பழைய வரையறைப்படி ஒரு பத்தி, புதிய வரையறைப்படி ஒரு பத்தி என்று இரண்டையும் வெளியிட்டால் அந்த நியாயமும் காப்பாற்றப்படும்.

இன்னொரு நுணுக்கம் கையேடுகளின் முன்னுரையைப் பொறுமையாகப் படிப்பவருக்கு மட்டுமே தெரியும். 2011-இன் கணக்கெடுப்பு நகரங்கள், 2011-இல் எண்ணிய பிறகு தீர்மானிக்கப்பட்டவை அல்ல. கணக்கெடுப்புக்கு முன்பே, 2001-இன் தரவை வைத்து, அப்போது 4,000 பேராவது இருந்து மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றிய கிராமங்கள் நகரங்களாகக் குறிக்கப்பட்டன. பத்தாண்டில் அவை 5,000-ஐத் தாண்டிவிடும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணுவதற்கு முன் எல்லையை முடிவு செய்தாக வேண்டும் என்பதால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் விளைவாக, எண்ணி முடித்தபோது நிபந்தனையை நிறைவேற்றாத ஊர்கள் பட்டியலுக்குள்ளும், நிறைவேற்றிய ஊர்கள் பட்டியலுக்கு வெளியிலும் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஊரைப் பற்றி எழுதுபவர்கள் அந்த ஊரின் வரிசையில் உள்ள மக்கள்தொகை, தொழிலாளர் எண்களை எடுத்து மூன்று நிபந்தனைகளையும் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கோப்பில் அதற்கு வேண்டிய பத்திகள் இருக்கின்றன.

சட்டப்பூர்வ நகரம் என்பதாவது உறுதியானதா என்றால், அதிலும் தமிழ்நாடு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் மாநில அரசு 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றியது. கிராமப்புறத் திட்டங்களுக்கு வரும் ஒன்றிய நிதி அவற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 2006-இல் அவை மறுபடியும் பேரூராட்சிகளாயின. இந்த இரண்டு ஆண்டுகளில் எந்தக் கடைவீதியும் சுருங்கவில்லை, எந்த வயலும் விரியவில்லை. கணக்கெடுப்பு நடந்த 2001-உம் 2011-உம் இதற்கு வெளியே விழுந்ததால் பட்டியல் தப்பித்தது. ஒருவேளை அந்த நடுக்காலத்தில் எண்ணியிருந்தால் தமிழ்நாட்டின் நகர மக்கள் சதவீதம் எங்கே நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது சுவாரசியமான பயிற்சி.

இலங்கை வாசகர்களுக்கு இந்த இடம் பழக்கமானதாக இருக்கும். அங்கே மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் இருப்பது மட்டுமே நகரம். 1987-இல் பட்டின சபைகள் கிராமப்புற உள்ளாட்சிகளான பிரதேச சபைகளுக்குள் போனபின் பல சிறுபட்டணங்கள் கணக்கில் கிராமமாகிவிட்டன. 2012 கணக்கெடுப்பில் நகரத்துறை 18.2 சதவீதம், தோட்டத்துறை 4.4 சதவீதம், மீதியெல்லாம் கிராமம் என்று வந்தது. கொழும்பைச் சுற்றியுள்ள நெரிசலைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இந்த 18.2-ஐ நம்ப மாட்டார். 'சி.டி.' என்ற குறி இல்லாத பட்டியல் எப்படியிருக்கும் என்பதற்கு அது உதாரணம். அந்த வகையில் இந்தியப் பட்டியலின் கணக்கெடுப்பு நகரம் என்ற ஏற்பாடு, எத்தனை குறை இருந்தாலும், வைத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடுதான்.

இனி பெருநகரங்கள். இங்கேதான் பட்டியல் வழுக்குகிறது. இங்கேதான் செய்தித்தாள்களும் வழுக்குகின்றன.

'யு.ஏ.' என்ற குறி நகரத் தொகுப்பைக் குறிக்கும். ஒரு நகரமும் அதை ஒட்டி வளர்ந்த புறவளர்ச்சிப் பகுதிகளும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இரண்டு மூன்று நகரங்களும் சேர்ந்து இடைவெளியில்லாத ஒரே பரப்பாக இருந்தால் அது நகரத் தொகுப்பு. அதற்குள் ஒரு சட்டப்பூர்வ நகரமாவது இருக்க வேண்டும்; முந்தைய கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 20,000-க்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இந்தக் கருத்து 1971 கணக்கெடுப்பில் வந்தது. ரயில்வே குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம், துறைமுகப் பகுதி, ராணுவ முகாம் போல நகர எல்லைக்கு வெளியே, ஆனால் நகரத்தின் உடம்பாகவே இருக்கும் பகுதிகளுக்கு 'ஓ.ஜி.' என்ற புறவளர்ச்சிக் குறி போடப்படும்.

வரையறை நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மாநகராட்சி எண்ணும் தொகுப்பு எண்ணும் ஒரே கோப்பில் இருக்கும்போது பயன்படுத்துவோர் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிடுகிறார்கள். மாநகராட்சி எண்ணின்படி வரிசைப்படுத்தினால் மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத் ஆகியவற்றுக்குப் பின் சென்னை ஆறாவது, கொல்கத்தா ஏழாவது. தொகுப்பு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் மும்பை சுமார் 1.84 கோடி, டெல்லி 1.63 கோடி, கொல்கத்தா 1.41 கோடி, அடுத்து 86.5 லட்சத்தோடு சென்னை. கொல்கத்தா ஏழாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறிவிடுகிறது. காரணம் எளியது. கொல்கத்தா மாநகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 45 லட்சம் பேர் மட்டுமே. ஹவுராவும் ஹூக்ளிக் கரையோர நகராட்சிகளும் தனித்தனியே நிற்கின்றன. பெங்களூரு இதற்கு நேர்மாறு. அங்கே 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் மாநகராட்சிக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஆகவே அதன் மாநகராட்சி எண் 84 லட்சம், தொகுப்பு எண் 85 லட்சம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. 'பெங்களூரு 84 லட்சம், சென்னை 46 லட்சம்' என்று எழுதுபவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றில் நகரம் முழுவதையும், மற்றதில் நகரத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து எடை போட்டிருக்கிறார்.

சென்னையை ஆராய்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் கணக்கெடுப்பின் நேரப்புள்ளி, அதாவது எந்த நாளின் நிலவரம் எண்ணப்பட்டதோ அந்த நாள், 2011 மார்ச் 1. அன்று மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு அது 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எனவே பட்டியலில் அம்பத்தூர் 4.66 லட்சம் மக்களைக் கொண்ட தனி நகராட்சியாகக் கம்பீரமாக நிற்கும். இன்று அது சென்னையின் ஒரு மண்டலம். 3.46 லட்சத்தோடு நகராட்சியாக நிற்கும் ஆவடி 2019-இலும், தாம்பரம் 2021-இலும் மாநகராட்சிகளாகிவிட்டன. இன்றைய சென்னை மாநகராட்சியின் 2011 மக்கள்தொகை வேண்டுமென்றால், சேர்ந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும்; சுமார் 67 லட்சம் வரும். இதற்கு மேல் சென்னைப் பெருநகரப் பகுதி என்று நகரமைப்புச் சட்டத்தின்கீழ் வேறொரு கோடு இருக்கிறது. அது நீண்டகாலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்கும் கணக்கெடுப்பின் தொகுப்புக் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. முன்னது வளர்ச்சித் திட்டத்துக்காக அரசு வரைந்தது. பின்னது தரையில் கட்டடங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்து வரைந்தது. அரசியல் சாசனமோ, 74-ஆவது திருத்தத்தின்படி, பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள, ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகளைக் கொண்ட, ஆளுநர் அறிவிக்கும் பகுதியைத்தான் பெருநகரப் பகுதி என்கிறது. ஆக, எந்தச் சென்னை என்று கேட்காமல் சென்னையின் மக்கள்தொகையைச் சொல்ல முடியாது.

டெல்லியில் இன்னொரு குறை வெளிப்படுகிறது. பட்டியலின் டெல்லித் தொகுப்பு தேசியத் தலைநகர எல்லையோடு நின்றுவிடுகிறது. மெட்ரோ ரயிலில் ஏறினால் இடைவெளியே தெரியாமல் போய்ச் சேரும் நொய்டா, காஜியாபாத், குருகிராம், ஃபரிதாபாத் எல்லாம் உத்தரப் பிரதேசத்தின், ஹரியாணாவின் தனி நகரங்கள். ஐ.நா.வின் நகரமயமாக்கல் மதிப்பீடு இவற்றைச் சேர்த்து எண்ணுவதால்தான் 2018 பதிப்பில் டெல்லிக்கு 2.85 கோடி என்ற எண் வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'ஏழே ஆண்டில் டெல்லி 1.2 கோடி கூடிவிட்டது' என்று எழுதப்பட்ட கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். தொகுப்புப் பட்டியலில் கேரளத்தின் மலப்புரம் சுமார் 17 லட்சம், மதுரை சுமார் 14.7 லட்சம். மலப்புரம் நகராட்சியில் இருப்பவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். மீதிப் பதினாறு லட்சமும் அதைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் நகராட்சிகளும் கணக்கெடுப்பு நகரங்களும். தோப்புக்கு நடுவே வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் தோப்பு என்று தொடரும் அந்தக் குடியிருப்பில் எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரருக்கே சொல்வது கடினம். ஆகவே தொகுப்பு என்பது பொய்யல்ல. ஆனால் மதுரைக்கு ஒரு மாட்டுத்தாவணி, ஒரு சித்திரை வீதி, ஒரு பெரியார் நிலையம் என்று எல்லாரும் வந்து சேரும் மையங்கள் இருப்பதுபோல் அந்தப் பதினேழு லட்சத்துக்கும் பொதுவான மையம் கிடையாது. 2001-இல் கேரளத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிய தொகுப்பு கொச்சி ஒன்றுதான், 2011-இல் ஏழு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு. இதை வைத்துக் கேரளம் தமிழ்நாட்டைவிடப் பெருநகரங்கள் நிறைந்த மாநிலம் என்று முடிவுகட்டினால், பட்டியல் சொல்லாத ஒன்றைப் பட்டியலின் வாயில் திணிப்பதாகும்.

இதெல்லாம் புள்ளிவிவரக்காரர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றிய அரசு ஊழியர்களின் வீட்டுவாடகைப் படி இந்தத் தொகுப்பு எண்ணின் மேல்தான் நிற்கிறது: 50 லட்சத்துக்கு மேல் என்றால் 'எக்ஸ்', 5 லட்சத்துக்கு மேல் 'ஒய்', அதற்குக் கீழே 'இசட்'. மலப்புரமும் கண்ணூரும் ஒய் வரிசையில் மதுரை, திருச்சி, சேலத்தோடு சமமாக உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

மாற்றுப் பொருள்கள் உண்டா என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் உலகம் முழுவதையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, செயற்கைக்கோள் படங்களின் துணையோடு ஒரு குடியிருப்புத் தரவை இலவசமாகத் தருகிறது. கட்டத்துக்கு 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் ஒட்டிக்கிடந்து மொத்தம் 50,000 பேரைத் தாண்டினால் அது நகரம். மாநில எல்லை, அரசாணை, ஆண் தொழிலாளர் எதுவும் அதற்குத் தேவையில்லை. 2020-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் இந்த முறையை நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டுக்குப் பரிந்துரைத்தது. 2025-இல் ஐ.நா. தன் நகரப் பட்டியலை இதற்கு மாற்றியபோது, நெடுங்காலம் உலகின் முதல் பெருநகரமாக இருந்த டோக்கியோ சுமார் 3.3 கோடியோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கி, சுமார் 4.2 கோடியோடு ஜகார்த்தாவும் 3.7 கோடியோடு டாக்காவும் மேலே வந்தன. பெருநகரங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கட்டங்களுக்குள் நிரப்பப்படும் மக்கள்தொகை நாடுகளின் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது; இந்தியாவைப் பொறுத்தவரை அதுவும் 2011 என்ற அதே அடுப்பில் வெந்த சோறுதான்.

கையேடுகளின் சிறப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு பகுதிகள். முதல் பகுதி கிராம, நகர விவரத் தொகுப்பு, இரண்டாம் பகுதி மக்கள்தொகைச் சுருக்கம். நகர விவரத் தொகுப்பில் ஒவ்வொரு நகரத்துக்கும் அங்கே உற்பத்தியாகும் முக்கியமான மூன்று பொருள்கள் எவை என்றுகூட ஒரு பத்தி இருக்கிறது. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளை அந்தப் பத்தியில் மட்டும் படித்துக்கொண்டு போனால் ஒரு பொருளாதார வரலாறே கிடைக்கும். கிராமப் பகுதியில், ஊரில் இல்லாத வசதி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை 'ஏ' என்றால் ஐந்து கிலோமீட்டருக்குள், 'பி' என்றால் ஐந்து முதல் பத்து, 'சி' என்றால் பத்துக்கு மேல் என்று குறித்திருப்பார்கள். நகரத்தை ஒட்டிய கிராமங்களில் வரிசை முழுதும் ஏ, ஏ, ஏ என்று ஓடும்போது அது எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதைச் சூத்திரம் இல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

பயன்படுத்துபவருக்குச் சில நடைமுறை எச்சரிக்கைகள். அட்டவணையில் தொகுப்பின் மொத்தமும் அதன் உறுப்பு ஊர்களும் அடுத்தடுத்த வரிசைகளில் வருவதால், எக்செல்லில் பத்தியை அப்படியே கூட்டினால் ஒரே மக்கள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள். மாவட்டக் கையேட்டில் சென்னைத் தொகுப்பு முழுதாகக் கிடைக்காது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று மூன்றாகப் பிரிந்து 'பகுதி' என்ற குறிப்போடு நிற்கும், எனவே மாநில அட்டவணையைத்தான் நாட வேண்டும். அன்று தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்தன. தென்காசிக்காரர் திருநெல்வேலிக் கையேட்டிலும், கள்ளக்குறிச்சிக்காரர் விழுப்புரத்திலும், மயிலாடுதுறைக்காரர் நாகப்பட்டினத்திலும் தேட வேண்டும். பெயரை வைத்துத் தேடாமல் ஆறிலக்க இடக்குறியீட்டை வைத்துத் தேடுவது பாதுகாப்பானது. ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் மூன்று புதூர்கள் இருப்பது நம் நாட்டில் அதிசயமல்ல. சட்டப்பூர்வ நகரங்களின் குறியீடு எட்டில் தொடங்கும்.

அடுத்த கணக்கெடுப்பின் நேரப்புள்ளி 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கான நிர்வாக எல்லைகளுக்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாளாக வைக்கப்பட்டது. புதிய பட்டியலில் அம்பத்தூர் என்ற வரிசை இருக்காது, தாம்பரம் மாநகராட்சியாக இருக்கும், சென்னை ஒரே தாவலில் இரு மடங்குக்கு மேல் பரப்புள்ள நகரமாகத் தெரியும். அந்தத் தாவலை வளர்ச்சி என்று யாரும் எழுதிவிடாமலிருக்க, பழைய எண்களையும் புதிய எல்லைக்குள் கூட்டிக் காட்டும் ஒரு பத்தி வேண்டும். நகரத் தொகுப்புகளின் எல்லைகளை வரைபடக் கோப்பாகவும், ஊர்ப்பெயர்களை அந்தந்த மாநில மொழியிலும் தந்தால், என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சமாகும். அதுவரை 2011-இன் பட்டியலையே, குறிகளை முதலில் படித்துவிட்டு, பயன்படுத்துங்கள். பதிவிறக்க வேண்டிய முதல் கோப்பு, 1901-இலிருந்து ஒவ்வொரு நகரத்தின் மக்கள்தொகையையும் நகர அளவுப் பிரிவுவாரியாகத் தரும் ஏ-4 அட்டவணை.